அப்பா காட்டிய மூடி

மூடிக்கு ஆட்சேபணை வந்திருக்கிறது என்று வக்கீலம்மா போனில் சொன்னதிலிருந்து அண்ணன், தங்கை இருவருக்கும் சோறு இறங்கவில்லை. என்ன ஆட்சேபணை, யார் எழுப்பியது என்று அவர் சொல்லவில்லை. நேரில் வாருங்கள், ஒன்றைக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. அண்ணன் முன்னால் ஏறினான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினான்.

"நல்ல சேதியா இருந்தா லிப்ட் ஓடியிருக்கும்," என்றான்.

"பேசாம ஏறுண்ணா."

வருஷக்கணக்காக அவர்கள் வீட்டில் மூடியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கை துவண்டு போன நாளிலிருந்து தொடங்கியது அது. மாத்திரை டப்பாவை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, லாரி ஸ்டீயரிங்கை முப்பது வருஷம் பிடித்த மனிதர் ஒரு சின்ன மூடியோடு மல்லுக்கட்டுவதைத் தங்கையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் மருந்துக்கடையில் மருந்தாளராக நிற்பவள். குழந்தை திறந்துவிடக் கூடாது என்று செய்கிற மூடி பெரியவர்களையும் திறக்க விடுவதில்லை என்ற புலம்பல் கவுண்டரில் தினமும் அவள் காதில் விழும். அண்ணன் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருந்தான். இவள் வரைந்தாள். அவன் வார்த்தான்.

டப்பாவை மேஜையில் வைத்து, மூடியை உள்ளங்கையால் அமுக்கி, எதிரெதிராக இருக்கும் இரண்டு பள்ளங்களில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் பொருத்தித் திருப்பினால் திறந்துவிடும். ஒரு கை போதும். சின்னக் குழந்தையின் கை அந்த அகலத்துக்கு விரியாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுக்குத்தான் பெரிய மருந்துக் கம்பெனி ஒன்று ஆள் அனுப்பிப் பேசிக்கொண்டிருந்தது. காப்புரிமை கையில் கிடைத்தால் விற்கிற ஒவ்வொரு மூடிக்கும் பங்கு என்றது. அதை நம்பி அண்ணன் மற்ற வேலைகளைத் தள்ளிவிட்டு, கடன் வாங்கி, எஃகில் மோல்டு வெட்டி வைத்திருந்தான்.

இப்போது ஆட்சேபணை.

வக்கீலம்மாவின் மேஜையில் யார் யாரோ கண்டுபிடித்த சாமான்கள் கிடந்தன. கழுத்து மடங்கும் குழாய் ஒன்று, கைப்பிடி இல்லாத வாணலி ஒன்று, எதற்கென்றே தெரியாத ஒரு பற்சக்கரம். எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை இவர்கள் பக்கம் திருப்பினார்.

"பேசறதுக்கு முன்னாடி இதப் பாத்துடுங்க."

திரையில் அப்பா.

கை கால் பயிற்சிக்கு அவர் போய்வரும் சிகிச்சை நிலையம். பச்சை நாற்காலி. பின்னால் சுவரோடு பதித்த நடைபழகும் கம்பி. அப்பாவின் இடது கையில் வெள்ளை மூடி போட்ட மாத்திரை டப்பா. "இன்னொரு தடவ காட்டுங்க சார்," என்று படம் எடுக்கிற பெண்ணின் குரல் கேட்டது. அப்பா டப்பாவை மேஜையில் வைத்தார். அமுக்கினார். ஒரு திருப்பு. மூடி கையோடு வந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். இரண்டு கையும் சேராதவர்கள் தொடையில் தட்டினார்கள்.

"என்... பொண்ணு," என்றார் அப்பா கேமராவைப் பார்த்து. "என்... பையன். செஞ்சாங்க."

சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் மேலே ஏறியது.

அப்பா அப்படிச் சிரித்து அவள் பார்த்தே வெகு காலம் ஆகியிருந்தது. அதனால் முதலில் அவளும் சிரித்துவிட்டாள். வக்கீலம்மா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகுதான் நிறுத்தினாள்.

"இது எப்ப நெட்டுல போட்டது மேடம்?"

"கீழ தேதி இருக்கு பாருங்க. நாம பேட்டன்ட் மனு போட்டதுக்கு முன்னாடி. ரொம்பவே முன்னாடி."

"சிகிச்சை பண்ற பொண்ணு போட்டிருக்கு," என்றான் அண்ணன், இன்னும் புரியாமல். "ஆசையாத்தானே போட்டிருக்கு. அதுக்கென்ன?"

"பேட்டன்ட் குடுக்கறதுக்கு முதல் நிபந்தனையே, பொருள் புதுசா இருக்கணும்கிறதுதான். மனு போடற அன்னைக்கு அது வெளிய தெரிஞ்சிருக்கக் கூடாது. இது யார் வேணா பாக்கற இடத்துல கிடந்திருக்கு. அப்ப அது புதுசு இல்ல."

"எங்க பொருள எங்க அப்பாவே காட்டினா கூடவா?"

"யார் காட்டினாங்கன்னு பாக்க மாட்டாங்க. காட்டியாச்சான்னுதான் பாப்பாங்க. சில இடங்கள்ல கண்டுபிடிச்சவங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தர்றது உண்டு. உங்க விஷயத்துல அந்த அவகாசமும் தாண்டிடுச்சு."

அண்ணன் போனை எடுத்தான். "இப்பவே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி எடுக்கச் சொல்லிடறேன்."

"எடுக்காதீங்க. பிரதி பேட்டன்ட் ஆபீஸ் கோப்புல ஏறியாச்சு. இப்ப அழிச்சா எதையோ மறைக்கறீங்கன்னுதான் ஆகும்."

"யார் கொண்டுபோய்க் குடுத்தது?"

"மனு வெளியானதுக்கப்புறம் மூணாவது ஆள் யார் வேணா ஆதாரம் அனுப்பலாம். பேர் போடாம அனுப்பியிருக்காங்க. வேல மெனக்கெட்டுத் தேடியிருக்காங்க, அது மட்டும் தெரியுது."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். அவன் கையில் எப்போதும் இருக்கும் காய்ந்த கிரீஸ் வாடை அறை முழுக்கப் பரவியது போலத் தங்கைக்குத் தோன்றியது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள், அல்லது கத்திவிடுவாள். யாரைப் பார்த்துக் கத்துவது? அந்தச் சிரிப்பைப் பார்த்தா?

திரையில் நின்றுபோயிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இதுல மூடியோட வெளிப்பக்கம்தானே மேடம் தெரியுது. உள்ள இருக்கறது தெரியலையே."

"உள்ள என்ன?"

"நாக்கு."

முதலில் செய்த மூடியில் நாக்கு கிடையாது. அதை அண்ணனின் மகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு கை விரியவில்லை என்றதும் அவள் பள்ளத்துக்கு ஒரு கையாக இரண்டு கையையும் வைத்துத் திருப்பித் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கை வைத்தார்கள். மேலிருந்து உள்ளங்கையின் முழு அழுத்தம் விழுந்தால்தான் அது விலகும். பக்கவாட்டில் எத்தனை கை வைத்தாலும் மூடி சும்மா சுற்றும். வெளியே பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்று.

வக்கீலம்மா கோப்பைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"நாக்கப் பத்தி மனுவுலயே படம் போட்டிருக்கோம். நல்லதாப் போச்சு. புதுசா ஒண்ணைச் சேக்க முடியாது, ஆனா கேட்டதைக் குறுக்கிக்கலாம். பள்ளத்த விட்டுட்டு, நாக்கு வெச்ச மூடிக்கு மட்டும்னு கேக்கலாம்."

"அப்ப தப்பிச்சோமா?"

"அவசரப்படாதீங்க. அப்பா அங்க யார்கிட்டயாவது மூடியக் கையில குடுத்தாரா? குடுத்திருந்தா அது எந்த மூடி? நாக்கு வெச்சது ஒண்ணே ஒண்ணு வெளிய போயிருந்தாலும் கதை முடிஞ்சுது. யார் வேணா பிரிச்சுப் பாத்திருக்கலாம்ல. அதக் கேட்டுட்டு வாங்க. உள்ளது உள்ளபடி வேணும். எனக்குத் தோதா வேணாம்."

வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அண்ணன் பொரிந்தான்.

"நாக்காம், மூக்காம். வெளிப்பக்கம் போச்சுன்னா என்ன பாப்பா மிச்சம் இருக்கு? வீட்டுக்கு வாசக் கதவு, சன்னல், சுவர் எல்லாம் போச்சு, தாழ்ப்பாள் மட்டும் நம்மளோடதுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவளுக்கு நாற்பது வயதாகியும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"அந்தத் தாழ்ப்பாள் இல்லாமதான் உன் பொண்ணு திறந்தா."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். வாங்கறவனுக்கு?"

"அப்பாகிட்டக் கேப்போம்."

"வேணாம்." அண்ணன் வண்டியைக் கிளப்பினான். "அவரால எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் உடைஞ்சுடுவார். இன்னொரு தடவ ரத்தக் கொதிப்பு ஏறினா யார் பதில் சொல்றது?"

"சொல்லாம எப்படிக் கேக்கறது?"

"கேக்கவே வேணாங்கறேன்."

போன் அடித்தது. மருந்துக் கம்பெனியின் கொள்முதல் மேனேஜர். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார் என்பதால் அண்ணி அவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர் வைத்திருந்தாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"வீடியோ விஷயம் கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு," என்று சிரித்தார் சிரிப்பு சார். "பேட்டன்ட் இல்லாம பங்கெல்லாம் எங்க மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. ஆனா உங்க பட்டறைய நாங்க விட்டுட மாட்டோம். மனுவ வாபஸ் வாங்கிக்கிட்டு ஒரு சின்னப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, எங்க சாதாரண டப்பாவெல்லாம் வார்க்கற வேலைய உங்களுக்கே தர்றோம். யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா இன்னைக்கே சொல்லுங்க."

போன் அணைந்ததும் தங்கை கேட்டாள். "வீடியோ பத்தி அவருக்கு எப்படித் தெரியும்? நமக்கே இப்பதானே தெரியுது."

"ஊரே பாக்கற இடத்துல கிடக்குதுன்னு மேடம் சொன்னாங்கல்ல. அவரும் பாத்திருப்பார்."

"சரியா இன்னைக்குத்தான் பாத்தாரா?"

அண்ணன் கியரை மாற்றினான். வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே சொன்னான்.

"மூணு மிஷின்ல ரெண்டு சும்மா நிக்குது பாப்பா. பசங்களுக்கு வேல இல்ல. அந்த மோல்டு என்னப் பாத்து முறைச்சிட்டே இருக்கு. எனக்குத் தலைக்கு மேல போயிடுச்சு."

"என்னைக் கேக்காம எதுவும் செஞ்சுடாதண்ணா."

வேன் தெருமுனை திரும்பிவிட்டது. அவன் சரி என்றானா, அவளுக்குக் கேட்கவில்லை.

அண்ணி முன்னறையில் உட்கார்ந்து பட்டறைக்குப் போகவேண்டிய அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். உள்ளறையில் அப்பாவின் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தங்கை தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அண்ணா சொல்ல வேணாங்கறான்."

"உங்க அண்ணன் கல்யாணமே வேணாம்னுதான் சொன்னார், அவர் பேச்சைக் கேட்டிருந்தா நான் இந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன்," என்றாள் அண்ணி. பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். "பாப்பா, ஒண்ணு கேக்கறேன். மூடிய வெளிய காட்டக் கூடாதுன்னு மாமாகிட்ட நாம யாராவது சொன்னமா?"

தங்கை யோசித்தாள். வக்கீலிடம் பேசியது, மனு எழுதியது, கம்பெனி ஆள் வந்தது எல்லாம் இதே முன்னறையில்தான் நடந்தது. அப்பா உள்ளே டிவி முன்னால் இருந்தார். டிவி சத்தம் தொந்தரவாக இருந்ததென்று ஒரு முறை அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தியது கூட ஞாபகம் வந்தது.

"இல்ல."

"சாப்டீங்களா, மாத்திர போட்டீங்களா, பாத்ரூம் போகணுமா. இத விட்டா அவர்கிட்ட நாம என்ன பேசறோம் சொல்லு. நானுந்தான்."

தங்கை எழுந்து உள்ளே போனாள். டிவியை அணைத்தாள். அப்பாவுக்கு எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார் என்று நினைத்தார் போலிருக்கிறது. இடது கை சட்டைப் பித்தானைத் தேடியது.

அவள் சொல்லத் தொடங்கினாள். சுற்றி வளைக்கவில்லை. வீடியோ, தேதி, ஆட்சேபணை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் நடமாடுகிற பாதி மெல்ல மற்ற பாதியைப் போலவே அசைவில்லாமல் ஆயிற்று.

"நான்... கெடுத்தேன்," என்றார்.

"நீங்க கெடுக்கலப்பா. நாங்க உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்."

அதைக் கேட்டதும்தான் அவருக்குக் கோபம் வந்தது. இடது கை நாற்காலிப் பிடியில் ஓங்கி விழுந்தது.

"சொல்லல." மூச்சு வாங்கினார். வார்த்தை தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவே எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. அவள் எடுத்துக் கொடுக்கப் போய், நிறுத்திக்கொண்டாள். "யாரும்... சொல்லல. கதவ... சாத்தினீங்க."

நிலைப்படியில் நின்றிருந்த அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்டால் கூட அதுவும் மாத்திரை போட்டீங்களா என்பது போலத்தான் இருக்கும். முக்காலியை விட்டு எழவில்லை. அவர் கோபம் தணியும் வரை காத்திருக்க வேண்டியது தன் முறை என்று நினைத்தாள்.

கடைசியில் அவரே கேட்டார். "என்ன... வேணும்?"

"அங்க யாருக்காவது மூடியக் குடுத்தீங்களாப்பா?"

தலையாட்டினார். "டீச்சர்."

"எந்த டீச்சர்?"

"பக்கத்து... நாற்காலி." தன் வலது கையைத் தொட்டுக் காட்டினார். "அவங்களுக்கும்... இதே. மாத்திர... திறக்க முடியல. அழுதாங்க." அடுத்த சொல்லைத் தேடிப் பிடித்தார். "குடுத்தேன்."

"நாக்கு வெச்சதா, வெக்காததா?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். அந்தச் சமயத்தில் வீட்டில் இரண்டு வகையும் கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்துப் போயிருந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

தங்கைக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. அப்பா மேல் இல்லை. ஒரு மூடி யாருக்காகச் செய்யப்பட்டதோ அப்படிப்பட்ட ஒருவர் கைக்குத்தான் அது போயிருக்கிறது. அதுவே குற்றமாகிவிட்டது. அந்தச் சட்டத்தில் இவள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"டீச்சர் இப்பவும் அங்க வர்றாங்களா?"

"இல்ல. நின்னுட்டாங்க." அப்பா நாற்காலியை விட்டு எழ முயன்றார். "வீடு... தெரியும். நான்... வரேன்."

"நீங்க எதுக்குப்பா அலையணும், வழி மட்டும் சொல்லுங்க."

அவர் பார்த்த பார்வையில் அவள் எழுந்து டாக்சிக்குப் போன் செய்தாள். அண்ணி போய் அவருடைய செருப்பை எடுத்து வந்தாள்.

டாக்சியில் அப்பா முன் சீட்டில்தான் உட்காருவேன் என்றார். திருப்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் இடது கையை நீட்டி வழி காட்டினார். ஒரே ஒரு முறைதான் தப்பாகப் போனது. அதுவும் டாக்சிக்காரர் அவசரப்பட்டதால்.

டீச்சருடையது ஒரு பழைய குடியிருப்பின் தரைத்தளம். கதவைத் திறந்த மருமகள் யார் என்று கேட்பதற்குள் உள்ளேயிருந்து, "டிரைவர் சாரா?" என்று குரல் வந்தது. டீச்சர் சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். காலும் போய்விட்டதால் பயிற்சிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பேச்சு மட்டும் வகுப்பறையிலிருந்து நேராக வந்தது போலத் தெளிவாக இருந்தது.

"வாங்க சார். நடை நல்லா வந்திருக்கே. உக்காருங்க. இதுதான் மூடி செஞ்ச பொண்ணா?"

அப்பா தலையாட்டினார். உட்காரும்போது முதுகு நிமிர்ந்திருந்தது.

தங்கை விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் கேட்டுவிட்டு வருத்தத்தோடு தலையை அசைத்தார்.

"அந்த மூடி இப்ப எங்கிட்ட இல்லையேம்மா. ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போயிட்டார்."

"யாரு டீச்சர்?"

"மருந்துக் கம்பெனிலேருந்து. சிகிச்சை நிலையத்துல விசாரிச்சுட்டு வந்தாராம். வயசானவங்களுக்கு எந்த மூடி வசதின்னு கணக்கெடுக்கறோம்னார். பாத்துட்டுத் தரேன்னு எடுத்துட்டுப் போனார். நல்ல மனுஷன், சிரிச்சுச் சிரிச்சுப் பேசினார்."

சிரிப்பு சார்தான் என்று தங்கை அப்பாவைப் பார்த்தாள். அவருக்கும் புரிந்துவிட்டது.

"திருப்பித் தந்தாரா?"

"அத எங்க தந்தார்? கொஞ்ச நாள் கழிச்சு வந்து வேற ஒண்ணு குடுத்தார். இதப் பயன்படுத்திப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னார்." மருமகளைப் பார்த்தார். "அலமாரி மேல இருக்கும் பாரு, எடு."

மருமகள் எடுத்து வந்தது நீல நிற மூடி போட்ட ஒரு டப்பா. மேலே கம்பெனியின் முத்திரை பளபளவென்று வார்க்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பள்ளங்கள். அண்ணன் தன் கையால் அரம் வைத்துத் தேய்த்து அளவு பார்த்த அதே பள்ளங்கள்.

பங்கு தருகிறோம் என்று முன்னறையில் உட்கார்ந்து காபி குடித்த ஆள், அதே நேரத்தில் மூடியை வார்த்து முடித்திருக்கிறார். ஆட்சேபணையை அனுப்பிய பெயரில்லாத ஆள் யார் என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூடியைத் திருகி எடுத்து உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். விரலை விட்டுத் தடவினாள். வழவழவென்று இருந்தது. நாக்கு இல்லை.

"டீச்சர், அப்பா குடுத்த பழைய மூடிய உங்க வீட்ல குழந்தைங்க யாராவது திறந்தாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கவே வேணாம்," என்று மருமகள் குறுக்கிட்டாள். "எங்க பொண்ணு ரெண்டு கையாலயும் திருகித் திறந்து மாத்திரைய வாயில போடப் போயிட்டா. நான் பக்கத்துல இருந்ததால ஆச்சு. அன்னைக்கே எடுத்து அலமாரி மேல வெச்சோம். இதுவும் அதே லட்சணம்தான். அதனாலதான் இதுவும் மேல இருக்கு."

"உங்க அப்பா மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல," என்றார் டீச்சர்.

அப்பா தலை குனிந்தார். தங்கைக்கோ ஒரே நேரத்தில் நிம்மதியும் நடுக்கமும் வந்தன. வெளியே போனது நாக்கில்லாத மூடி. நாக்கு இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் இந்த நீல மூடி, குழந்தை திறக்கிற இந்த மூடி, ஊரெல்லாம் கடைக்கு வரப்போகிறது. அவள் நிற்கிற கவுண்டருக்கும் வரும். அவள் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வாசலுக்கு வந்து வக்கீலம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"அந்த மருமகள் இத எழுதிக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க மேடம்."

"அப்ப வழி இருக்கு. வீடியோல இருக்கறது வேற, நாம கேக்கறது வேறன்னு நிக்கலாம். அந்த நீல மூடியையும் பத்திரமா வெச்சுக்கோங்க. ஒண்ணே ஒண்ணு. அண்ணனும் நீங்களும் இப்போதைக்கு எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடக் கூடாது."

அண்ணனை அழைத்தாள். அவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். மறுபடி அழைத்தாள். அப்போதும் அப்படியே. உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் நின்றபோது அவனே கூப்பிட்டான்.

"அண்ணா, கேளு, நல்ல சேதி. அப்பா குடுத்தது பழைய மூடிதான். நாக்கு வெளிய போகல. அந்தச் சிரிப்பு சார் நம்மள..."

"பாப்பா," என்றான். "போட்டுட்டேன்."

"என்னது?"

"கையெழுத்து. பட்டறைக்கே வந்துட்டார். பசங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. நாளைக்கே வேல குடுக்கறேங்கறார். எனக்கு வேற வழி தெரியல."

"என்ன எழுதியிருந்துச்சு அதுல?"

"மனுவ வாபஸ் வாங்கிக்கறோம்னு."

"வேற?"

"அந்த வீடியோல இருக்கற மூடியும் நம்ம மூடியும் ஒண்ணுதான்னு ஒத்துக்கறதா ஒரு வரி. அது சும்மா வழக்கமா போடறதுன்னார்."

நாக்கை வைத்துக்கொண்டு நிற்கக் கிடைத்த ஒரே இடத்தையும் அண்ணன் தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தான். என்னைக் கேக்காம செய்யாதே என்று சொன்னேனே என்று கத்த வேண்டும் போலிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் வீடு. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ரெண்டு பேர் மனு அது. என் கையெழுத்து இல்லாம எப்படி வாங்கினார்?"

"உனக்கும் கீழ இடம் விட்டிருக்கு."

அப்பா நாற்காலியிலிருந்தபடி இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரியாது. போனைக் கொடுத்தாள். அவர் அதைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"டேய்." வார்த்தைக்காகப் போராடினார். "பேப்பர... திருப்பி... வாங்கு."

பக்கத்தில் நின்ற தங்கைக்கும் கேட்கும்படி அண்ணன் சொன்னான்.

"அவர் கிளம்பிட்டாருப்பா. பாப்பாகிட்டக் கையெழுத்து வாங்க நம்ம வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்கார்."

அப்பா போனை மகளிடம் நீட்டிவிட்டு நாற்காலிப் பிடியை ஊன்றி எழுந்தார். நீல மூடி போட்ட டப்பா கட்டில்மேல் கிடந்தது. குனிந்து அதை எடுத்தார். "அவன்கிட்ட... நான்... காட்டறேன்," என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.